25 நிமிடம் ஓடினால் நின்றுவிடும் பழைய கார்: பம்ப் மாற்றியும் தீரவில்லை

இரவுப்பயணி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1998 மாடல் பெட்ரோல் கார். நாலு சிலிண்டர், மல்ட்டிபாயிண்ட் இன்ஜெக்‌ஷன், டேங்க்குக்குள்ளேயே ஃப்யூயல் பம்ப். அப்பா ஓட்டிய வண்டி. அதைக் கொடுத்துவிட மனம் வரவில்லை.

கோளாறு இதுதான். எடுத்து முதல் 25 நிமிடம் எந்தக் குறையும் கிடையாது. அதற்குப் பிறகு மேடு ஏறும்போதோ முந்தும்போதோ இழுவை குறைகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் திணறுகிறது. இரண்டு நிமிடத்தில் என்ஜின் நின்றுவிடும். ஓரங்கட்டி 15 நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. அப்புறம் பத்து நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும்.

இதுவரை மாற்றியவை: பிளக், பிளக் வயர், ஏர் ஃபில்டர், ஃப்யூயல் ஃபில்டர். கடைசியாகப் போன மாதம் பம்ப். பம்ப் மாற்றியும் மாற்றமில்லை. சொல்லப்போனால் முன்பைவிடச் சீக்கிரமாகவே நிற்கிறது என்று தோன்றுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. இப்போது மெக்கானிக் இசியூவை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். அதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

வெள்ளைக்கொக்கு

முதலில் பைசா செலவில்லாத ஒன்றைப் பாருங்கள். அடுத்த முறை வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். காற்றை உள்ளே இழுக்கும் ‘உஸ்ஸ்’ சத்தம் பலமாக வந்து, உடனே ஸ்டார்ட் ஆனால் டேங்க்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராமல் உள்ளே வெற்றிடம் உண்டாகும். அதை எதிர்த்துப் பம்ப் இழுக்க முடியாமல் போகும். ‘25 நிமிடம் ஓடும், கொஞ்சம் விட்டால் சரியாகும்’ என்ற வர்ணனைக்கு இது அப்படியே பொருந்தும்.

நெம்புகோல்

வெள்ளைக்கொக்கு சொன்னதை முதலில் செய்துவிடுங்கள். அதோடு இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். வண்டி நிற்கும்போது பெட்ரோல் இல்லாமல் நிற்கிறதா, மின்பொறி இல்லாமல் நிற்கிறதா? நீங்கள் இரண்டு பக்கத்திலும் பொருட்களை மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் எந்தப் பக்கம் என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

என்ஜின் சுழல்வதை இசியூவுக்குச் சொல்லும் கிராங்க் பொசிஷன் சென்சார் சூடேறி மயங்கினாலும் ஏறக்குறைய இதே கதைதான் வரும். பம்ப் சரியில்லை என்று நினைத்து இந்த சென்சாருக்காக டேங்க்கைக் கழற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வித்தியாசம் உண்டு. சென்சார் போனால் என்ஜின் சாவியைத் திருப்பி அணைத்தது போலச் சட்டென்று நிற்கும். பெட்ரோல் குறைந்தால் திணறித் திணறி, மூச்சு வாங்கி நிற்கும். உங்கள் வர்ணனை இரண்டாவதுதான். இருந்தாலும் வர்ணனையை மட்டும் நம்பிப் பொருள் வாங்க வேண்டாம்.

நின்றவுடனேயே, ஆறுவதற்கு முன், மூன்றைப் பாருங்கள்.

ஒன்று: செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் லேசாகவாவது அசைகிறதா? பல வண்டிகளில் கிராங்க் சென்சார் சிக்னல் இல்லாவிட்டால் அது அசையவே அசையாது.

இரண்டு: ஸ்பார்க் டெஸ்டரை ஒரு பிளக் வயரில் மாட்டிச் செல்ஃப் அடித்தால் பொறி வருகிறதா? பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துப் பொறி பார்க்கும் பழக்கம் வேண்டாம். எரியாத பெட்ரோல் ஆவி அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும்.

மூன்று: சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் பின்சீட் பக்கம் இரண்டு மூன்று விநாடி ‘ம்ம்ம்’ என்று பம்ப் ஓடும் சத்தம் வருகிறதா? நல்ல நிலையில் இருக்கும்போது அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பதை இன்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நின்றபின் அதே சுருதியில் இருக்கிறதா, தணிந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம்.

எல்லாமே வண்டி நின்ற நிலையில் பார்க்க வேண்டியவை. ஆறிய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். உங்கள் மெக்கானிக்கும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருப்பார்.

புதுச்சாவி

நான் புதியவன். இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் திரவத்தை டேங்க்கில் ஊற்றிப் பார்த்தால் என்ன? என் வண்டியில் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடுவது) கொஞ்சம் சீரானது.

நெம்புகோல்

தம்பி, உங்கள் வண்டியில் அது வேலை செய்திருக்கலாம். இன்ஜெக்டர் நுனியில் படிந்த பசையை நல்ல திரவம் கொஞ்சம் கரைக்கும். ஆனால் அழுக்கு இன்ஜெக்டர் காலையிலும் அழுக்காகத்தான் இருக்கும். இங்கே முதல் 25 நிமிடம் ஒரு குறையும் இல்லை என்கிறார். நேரத்தோடு வந்து நேரத்தோடு போகும் கோளாறுக்கு, நேரத்தோடு மாறும் ஒன்றுதான் காரணமாக இருக்கும். சூடு, வெற்றிடம், வலைச்சல்லடையில் மெல்ல மெல்ல ஒட்டும் குப்பை, இந்த மூன்றில் ஒன்று.

அந்தக் கடைசியையும் சொல்லிவிடுகிறேன். டேங்க்கின் அடியில் பம்புக்கு முன்னால் நைலான் வலைப்பை ஒன்று இருக்கும். டேங்க்கில் துருவோ பழைய பெட்ரோலின் பிசினோ இருந்தால், ஓட ஓட அது வலையின் மேல் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் இழுப்பு விட்டுப்போய்க் குப்பை கீழே உதிர்ந்துவிடும், வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகும். இரவுப்பயணி, பம்ப் மாற்றியபோது அந்த வலையையும் மாற்றினார்களா? டேங்க் உள்ளே எப்படி இருந்தது?

இரவுப்பயணி

நேற்று மாலை வேண்டுமென்றே ஓட்டிப்போய் நிற்க வைத்தேன். 22 நிமிடத்தில் நின்றது.

மூடியைத் திறந்தேன், சத்தம் எதுவும் இல்லை. திறந்து வைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆர்பிஎம் முள் அசைகிறது. ஸ்பார்க் டெஸ்டரில் நல்ல நீலப் பொறி. பம்ப் சத்தம் வருகிறது, ஆனால் காலையில் கேட்டதைவிடத் தணிந்த குரல். களைத்துப்போன மாதிரி. இதை நீங்கள் சொல்லாவிட்டால் கவனித்திருக்கவே மாட்டேன்.

வலையும் புதிது. டேங்க் உள்ளே சுத்தமாக இருந்தது, நானே எட்டிப் பார்த்தேன்.

வெள்ளைக்கொக்கு

அப்படியானால் காற்றுவழி இல்லை. ஸ்கேனர் மாட்ட முடியுமா? ஃப்யூயல் டிரிம் எண்களை (இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஐடிலில் டிரிம் கூடுதலாக இருந்து, ஆர்பிஎம் ஏற ஏறச் சரியானால் எங்கோ காற்றுக் கசிவு. ஐடிலில் ஒழுங்காக இருந்து, சுமை ஏறும்போது கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை. கூட்டல் பக்கமோ கழித்தல் பக்கமோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக நான் கவலைப்படுவதில்லை.

இரவுப்பயணி

என் வண்டியில் சாதாரண ஸ்கேனர் பொருந்தும் சாக்கெட் இல்லை. விளக்கு மின்னுவதை எண்ணிக் கோட் பார்க்கும் முறைதான். கோட் எதுவும் பதிவாகவில்லை.

நெம்புகோல்

பரவாயில்லை. பொறி இருக்கிறது, பம்ப் குரல் தணிகிறது. இனி நமக்கு வேண்டியது பிரஷர் கேஜ். வாங்கவோ இரவல் கேட்கவோ தயங்காதீர்கள். ஒரு பம்ப் மாற்றும் உழைப்பைவிட இது குறைவு.

மாட்டுவதற்கு முன் லைனில் உள்ள அழுத்தத்தை இறக்க வேண்டும். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு என்ஜினை ஓடவிடுங்கள், தானாக நிற்கும். அதன்பின் இரண்டு விநாடி செல்ஃப் அடியுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இப்படிச் செய்தாலும் கொஞ்சம் பெட்ரோல் சிந்தும். துணியைச் சுற்றிப் பிடியுங்கள், என்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழைய குண்டு பல்பு கைவிளக்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். நாலடி தள்ளியிருக்கும் பொறியும் போதும் அதற்கு.

ஃப்யூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாய்) டயர் வால்வு போன்ற சின்ன வால்வு இருந்தால் கேஜை அதில் மாட்டலாம். இல்லாவிட்டால் ஃபில்டருக்குப் பிறகு டீ இணைப்பு போட வேண்டும். மாட்டியபின் சாவியை ஆன் செய்து ஒவ்வொரு மூட்டையும் கண்ணால் பாருங்கள், ஈரம் தெரிகிறதா என்று. ஈரமில்லை என்று உறுதியான பின்தான் ஸ்டார்ட்.

உங்கள் வண்டி, மிஞ்சும் பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வெற்றிடக் குழாய் உள்ள ரெகுலேட்டரும் கொண்ட வகை. இந்த வகையில் ஐடிலில் சுமார் 2.5 பார் இருக்கும். ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைப் பிடுங்கினால் சுமார் 3 பாருக்கு ஏறும். உங்கள் மாடலுக்கு உரிய எண் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். பிடுங்கிய குழாய்க்குள் பெட்ரோல் ஈரமோ வாசனையோ இருந்தால் ரெகுலேட்டர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. கேஜ் குழாயைப் பானெட்டின் பின்விளிம்பு வழியாக வெளியே எடுத்து, கேஜைக் கண்ணாடிக்கு வெளியே வைப்பர் அடியில் செருகிக் கட்டுங்கள். சைலன்சர் பக்கமோ பெல்ட் பக்கமோ குழாய் போகக் கூடாது, பானெட் விளிம்பு அதை நசுக்கவும் கூடாது. எந்தக் காரணத்துக்கும் கேஜை வண்டிக்குள் கொண்டுவராதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எண்களை எழுதச் சொல்லுங்கள். வண்டி நின்றபின்பும் பத்து நிமிடம் கேஜைக் கவனியுங்கள்.

மிதவைக்கிண்ணம்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது இன்னும் பழையது, கார்பரேட்டர் வண்டி. ஓட்டிவந்து நிறுத்தி 20 நிமிடம் கழித்து எடுத்தால் செல்ஃப் எவ்வளவு அடித்தாலும் பிடிப்பதில்லை. ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் உடனே பிடிக்கிறது. வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது, என்கிறார்கள். இன்னொன்று, ஐடிலில் இருந்து மிதித்தால் ஒரு நொடி விழுந்துவிட்டுத்தான் எழும்புகிறது.

பழைய இரும்பு

இதற்கு நான் சொல்கிறேன். நாற்பது வருடம் கார்பரேட்டரோடு காலம் தள்ளியவன்.

எல்லோரும் வேப்பர் லாக் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கோளாறுகள் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. என்ஜினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுவிடும், சூடெல்லாம் மேலே ஏறிக் கார்பரேட்டரைச் சேரும். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரிக்கு முன்னாலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். இப்போது கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து மெயின் ஜெட் வழியாகக் காற்று போகும் தொண்டைக்குள் வழிந்தால் என்ஜின் மூழ்கிப்போகும், அதாவது பெட்ரோல் அதிகம். லைனிலும் பம்பிலும் ஆவி அடைத்துக்கொண்டு கிண்ணம் காலியானால் பெட்ரோல் இல்லை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைக் கெடுக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். கோளாறு வரும் அந்த 20ஆவது நிமிடத்தில், என்ஜினை அடிக்காமல், ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றித் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுக்குழாயின் மூக்கிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வழிந்து, கீழே தகடு பளபளவென்று நனைந்திருந்தால் மூழ்கல். தொண்டை உலர்ந்திருந்தால் த்ராட்டில் கம்பியைக் கையால் இரண்டு முறை இழுங்கள். பீச்சாங்குழலில் இருந்து வருவது போல மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் கிண்ணம் காலி.

மூழ்கல் என்றால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பம்ப் செய்யக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் உள்ளே போகும். பிடித்தபின் மிதவையின் உயரம், ஊசி வால்வின் உட்காரும் முனை, கார்பரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த வெப்பத் தடுப்புத் தகடு எல்லாவற்றையும் பாருங்கள். அந்தத் தகட்டை யாரோ எப்போதோ கழற்றிவிட்டு வெறும் பேப்பர் கேஸ்கெட் போட்டிருப்பார்கள். அடிக்கடி பார்த்த தவறு இது. கிண்ணம் காலி என்றால் பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் உரசிப் போகிறதா, பம்ப் பலவீனமா என்று பாருங்கள்.

மிதித்ததும் விழுவதற்கும் அதே தொண்டைப் பரிசோதனைதான். த்ராட்டில் அசைந்த அந்தக் கணமே பீய்ச்ச வேண்டும். தாமதமாகவோ சொட்டாகவோ வந்தால், அதைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்பின் டயஃப்ரம் கெட்டியாகிவிட்டது.

ஒரு விஷயம் மறக்காமல் செய்யுங்கள். என்ஜின் ஆயில் அளவுகோலை எடுத்து மோந்து பாருங்கள். மெக்கானிக்கல் பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலுக்குள் போகும். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், அதைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

இரவுப்பயணி

கேஜ் மாட்டி ஓட்டினோம். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து எழுதினான். அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்.

ஸ்டார்ட் செய்தபோது ஐடிலில் 2.5. குழாயைப் பிடுங்கினால் 2.9, குழாய் உலர்ந்திருந்தது. 10ஆவது நிமிடம் வரை ஓட்டத்தில் 2.5க்கும் 3க்கும் நடுவில். 16ஆவது நிமிடம் மேட்டில் 2.3. 19இல் சமதளத்திலேயே 2.0. 21இல் 1.5, திணறல் ஆரம்பம். 23இல் 1.1, நின்றுவிட்டது.

முள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. ஒரு வருடமாக என்ன என்றே தெரியாமல் இருந்தது கண்ணாடிக்கு முன்னால் தெரிகிறது.

ஒன்று புரியவில்லை. நின்றபின் கேஜைப் பார்க்கச் சொன்னீர்களே, 40 விநாடியில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஆறிய நிலையில் வீட்டில் நிறுத்தியபோதும் அப்படியே இறங்கியது.

நெம்புகோல்

அருமையான பதிவு. உங்கள் தம்பிக்கு என் நன்றி.

சூடேற ஏற அழுத்தம் இறங்குவது ஒன்று, நிறுத்தியதும் அழுத்தம் தங்காதது இன்னொன்று. இரண்டும் ஒரே காரணமாகவும் இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். அதனால் ஒரு கேள்வி, யோசித்துப் பதில் சொல்லுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குச் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் எப்போதிலிருந்து?

அதுவரை முதல் பிரச்சினையைத் துரத்துவோம். புது பம்ப் தணிந்த குரலில் ஓடுகிறது என்றால், அதற்குக் கிடைக்க வேண்டிய வோல்டேஜ் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் கனெக்டர் இருக்கும். அதன் பின்பக்கமாக இரண்டு மெல்லிய ஊசிகளைச் செருகி, நீளமான வயரில் மல்ட்டிமீட்டரை முன்சீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஊசிக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக்கொள்ளுங்கள், வயர் எங்காவது உரசினாலும் பயமில்லை. பம்ப் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி வைத்து அளந்தால் கெட்டுப்போன வயரும் முழு 12 வோல்ட் காட்டும். கரண்ட் ஓடினால்தான் தடையின் குணம் வெளியே வரும்.

நின்ற நிலையில், பம்பை ஓடவைத்து, பேட்டரிக்கும் பம்புக்கும் இடையில் பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு விழுகிறது, எர்த் பக்கம் எவ்வளவு விழுகிறது என்று தனித்தனியாக எடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எனக்குத் திருப்தி இருக்காது.

இரவுப்பயணி

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். ஆமாம், காலையில் ஆறேழு விநாடி அடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் எல்லோரிடமும் கேட்டேன். என் மனைவி உறுதியாகச் சொல்கிறார், பம்ப் மாற்றுவதற்கு முன்னால் தொட்டதும் பிடிக்கும், மாற்றிய இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகுதான் இப்படி என்று.

இப்போது வோல்டேஜ். குளிர்ந்த நிலையில் பம்பில் 13.1. 20ஆவது நிமிடம் 11. நிற்கும் தறுவாயில் 9.8. அப்போது பேட்டரியில் 13.9. எர்த் பக்கம் 0.2 தான் விழுகிறது. மீதி 3.9 முழுக்கப் பாசிட்டிவ் பக்கம்.

நெம்புகோல்

திருடன் பாசிட்டிவ் பக்கம்தான். ஃபியூஸ், ரிலே, கனெக்டர்கள், நீள வயர் என்று பேட்டரியில் இருந்து வரிசையாக வாருங்கள். சூடாக இருக்கும்போதே ஒவ்வொன்றின் இரு பக்கமும் மீட்டரை வைத்தால் எங்கே விழுகிறது என்று அதுவே சொல்லும். என் சந்தேகம் ரிலே, அதாவது பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்ச். கரண்ட் உள்ளே வரும் 30ஆம் காலுக்கும், பம்புக்கு வெளியேறும் 87ஆம் காலுக்கும் போகும் வயர்களில், அடிப்பக்கத்தில் இருந்து அளங்கள்.

உங்கள் மனைவி சொன்னது பெரிய தகவல். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இரவுப்பயணி

30க்கும் 87க்கும் நடுவில் 3.4 வோல்ட்! உடனே புது ரிலே போட்டேன். மாற்றமே இல்லை, 3.3. மனசு விட்டுப்போனது.

அப்புறம் ரிலேயைப் பிடுங்கி அடித்தளத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 87ஆம் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகி, லேசாக உருகி ஓரம் மடிந்திருக்கிறது. மற்ற மூன்று துளைகளும் கறுப்பாகச் சுத்தமாக இருக்கின்றன. பழைய ரிலேயின் அந்த ஒரு காலில் மட்டும் ஊதா நிறம் ஏறியிருக்கிறது. ரிலேயின் காலைத் துளையில் விட்டு இழுத்தால் பிடிப்பே இல்லாமல் வருகிறது.

நெம்புகோல்

ஊதா நிறம் என்பது அந்த உலோகம் சூட்டில் வெந்ததற்கு அடையாளம். டெர்மினலின் ஸ்ப்ரிங் தளர்ந்து பிடிப்பு போய்விட்டது. பிடிப்பு குறைந்தால் தடை, தடையில் சூடு, சூட்டில் ஸ்ப்ரிங் இன்னும் தளரும். பம்ப் 5 ஆம்பியர் இழுத்தால் 3.4 வோல்ட்டுக்கு 17 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு, அந்தக் குட்டி டெர்மினலுக்குள். 15 நிமிடம் விட்டதும் ஆறித் திரும்ப ஓரளவு தொடுகிறது.

புது டெர்மினல் வாங்கி, வயரின் வெந்த பகுதியைப் பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிவிட்டு கிரிம்ப் செய்யுங்கள். பிளாஸ்டிக் உருகியிருப்பதால் அடித்தளத்தையே மாற்றுவது இன்னும் நல்லது. பழைய டெர்மினலைக் குறடால் நெருக்கி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருமுறை சூட்டில் தளர்ந்த ஸ்ப்ரிங் பிடிக்காது.

புதுச்சாவி

அப்படியானால் பம்ப் மாற்றியதே வீண்தானா? ஏன் பம்ப் மாற்றிய பிறகு முன்பைவிடச் சீக்கிரம் நின்றது?

நெம்புகோல்

நல்ல கேள்வி. அதற்கான பதில் அந்த 40 விநாடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரவுப்பயணி, அடித்தளத்தை மாற்றியபின் இதையும் செய்யுங்கள்.

நிறுத்தியபின் அழுத்தம் ஓடிப்போக நாலு வழி உண்டு. சொட்டும் இன்ஜெக்டர், மூடாத ரெகுலேட்டர், பம்பின் ஒருவழி வால்வு, டேங்க்குக்குள் இருக்கும் குழாய். குழாயை நெருக்கும் கிளாம்ப்பால் ரிட்டர்ன் ரப்பர் குழாயை நெருக்கிவிட்டுப் பாருங்கள். அழுத்தம் தங்கினால் ரெகுலேட்டர். தங்காவிட்டால், பம்பை ஓட்டி அழுத்தம் ஏற்றி நிறுத்திய உடனே, டேங்க் பக்கமிருந்து வரும் ரப்பர் குழாயை நெருக்குங்கள். இப்போது தங்கினால் கசிவு டேங்க் பக்கம். இரண்டையும் நெருக்கியும் இறங்கினால் இன்ஜெக்டர். வழவழப்பான தாடை உள்ள கிளாம்ப் மட்டும் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் குழாயையும், கெட்டியாகி வெடிப்பு விட்ட ரப்பரையும் நெருக்கவே கூடாது.

இரவுப்பயணி

வேலை அதிகம், அதனால் ஐந்து நாள் தாமதம்.

புது அடித்தளம், புது டெர்மினல்கள் போட்டாயிற்று. 40 நிமிடம் ஓட்டியும் பம்பில் 13.2 வோல்ட். வண்டி நிற்கவில்லை! ஆனால் முழு மிதிப்பில் அழுத்தம் 2.6ஐத் தாண்டவில்லை. காலையில் நீளமாகச் செல்ஃப் அடிப்பதும் மாறவில்லை.

ரிட்டர்னை நெருக்கினேன், இறங்கியது. டேங்க் பக்கத்துக் குழாயை நெருக்கினேன், 2.4இல் அப்படியே நின்றது. அரை மணி நேரம் கழித்தும் 2.2.

சரி என்று பின்சீட்டைத் தூக்கிப் பம்ப் தொகுதியை வெளியே எடுத்தோம். பம்புக்கும் மேல்மூடிக்கும் நடுவில் ஒரு சாண் நீள ரப்பர் குழாய் இருக்கிறது. முன்பு இருந்தது நெளிநெளியான கடினமான குழாயாம். பம்ப் மாற்றியபோது அதைக் கழற்ற முடியாமல் வெட்டிவிட்டு, சாதாரண ஃப்யூயல் குழாயைப் போட்டிருக்கிறார்கள். அது உப்பிப்போய், ஊறவைத்த தோல் மாதிரிக் கொழகொழவென்று இருக்கிறது. வளைத்துப் பார்த்தால் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் நகம் அளவு ஒரு கீறல். பம்ப் தள்ளுவதில் ஒரு பகுதி அந்த வழியாக டேங்க்குக்கே திரும்பிப் போயிருக்கிறது.

பழைய இரும்பு

அதை வெட்டியவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். பலருக்குத் தெரியாத விஷயம் இது. இன்ஜெக்‌ஷன் ஃப்யூயல் குழாய் என்று விற்பது உள்ளே மட்டும் பெட்ரோலைத் தாங்கும் வகை. வெளிப்புறத் தோல் வெயிலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தாங்கச் செய்தது, பெட்ரோலில் மூழ்கிக் கிடக்க அல்ல. டேங்க்குக்குள் போட, உள்ளும் புறமும் தாங்கும் வகை தனியாக உண்டு. குழாயின் மேலேயே எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று அச்சிட்டிருக்கும். வெளியே போடுவது ஆர்9. அந்த ஓர் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய வகை ரப்பர் இன்னும் சீக்கிரம் கெடும். அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டேங்க் முதல் ரெயில் வரை எல்லா ரப்பரையும் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள். உப்பியிருந்தாலும் சரி, விரிசல் விட்டிருந்தாலும் சரி, மாற்ற வேண்டியதுதான். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கித் துருப்பிடிக்கும்.

நெம்புகோல்

புதுச்சாவிக்கு இதுதான் பதில். முதல் கோளாறு ரிலே அடித்தளம். அதைத் தேடப்போய் டேங்க்கைத் திறந்ததில் இரண்டாவது கோளாறு உள்ளே புகுந்துகொண்டது. குறைந்த வோல்டேஜில் ஏற்கெனவே தள்ளாடிய பம்ப், கீறல் வழியாகவும் கொஞ்சம் இழந்ததால் முன்பைவிடச் சீக்கிரம் கைவிட்டது. இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்திருந்தால், ரிலேயைச் சரிசெய்ததும் ‘தீர்ந்தது’ என்று விட்டிருப்போம். பிறகு ஏதாவது ஒரு நாள் அந்தக் குழாய் முழுதாகக் கிழிந்து, வண்டி நடுரோட்டில் நின்றிருக்கும். காலையில் செல்ஃப் நீண்டது எப்போதிலிருந்து என்று உங்கள் மனைவி நினைவு வைத்திருந்ததுதான் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது.

மிதவைக்கிண்ணம்

என் வண்டியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 20ஆவது நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுமூக்கில் இருந்து சொட்டுகிறது, தொண்டை முழுக்க ஈரம். மூழ்கல்தான். அடியில் வெப்பத் தடுப்புத் தகடே இல்லை, வெறும் பேப்பர் கேஸ்கெட். பழைய இரும்பு ஐயா, நேரில் பார்த்தது போலச் சொன்னீர்கள். ஆயிலில் வாடை இல்லை. தகடும் ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பழைய இரும்பு

தகடு போட்டால் கார்பரேட்டர் கொஞ்சம் உயரும். பானெட் மூடும்போது ஏர் ஃபில்டர் தட்டுகிறதா, த்ராட்டில் கேபிளின் நீளம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பயணி

ஆர்10 குழாய் கிடைத்தது, இரண்டு புது கிளாம்ப்போடு போட்டாயிற்று. டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றினேன், பழையது நசுங்கிப்போயிருந்தது.

இன்றைய எண்கள். ஐடிலில் 2.5, குழாய் பிடுங்கினால் 3.0. முழு மிதிப்பில் மேட்டில் 3.0, முள் அசையவில்லை. ஒரு மணி நேரம் ஓட்டியபின் பம்பில் 13.2 வோல்ட். நிறுத்தி 30 நிமிடம் கழித்து 2.2 பார். காலையில் சாவியைத் தொட்டதும் பிடித்தது, மனைவிதான் ஸ்டார்ட் செய்தார்.

கேஜைக் கழற்றிவிட்டேன். அந்த வால்வுக்கு மூடி இல்லாமல் இருந்தது, அதற்கும் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன்.

நெம்புகோல்

மிக்க மகிழ்ச்சி. ஒரு மாதம் கழித்து, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அந்த ரிலேயைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. சுட்டால் 30க்கும் 87க்கும் நடுவில் மறுபடி அளந்து இதே இழையில் எழுதுங்கள்.